முப்பது விநாடிக்கு ஒருமுறை

பதினோரு நாளாக என் போன் அடிக்கவில்லை.
எடுத்துக் காதில் வைத்தால் டயல் டோன் இருந்தது,
வயிறு நிறைந்த பூனைபோல, குறையொன்றும் சொல்லாமல்.
பல் மருத்துவமனையைக் கூப்பிட்டேன், எடுத்தார்கள்.
வானிலை எண்ணைக் கூப்பிட்டேன்,
ஏரிமேல் காற்று, மைனஸ் பத்தொன்பது என்றது.
பிறகென்ன, போன் நன்றாகத்தானே இருக்கிறது.

மார்லிஸுக்குக் கோபம் என்றுதான் நினைத்தேன்.
அப்பாவின் படகு மோட்டாரை அவளைக் கேட்காமல் விற்றுவிட்டேன்,
நூற்று நாற்பது டாலருக்கு.
அவளே பேசட்டும் என்று நானும் முறுக்கிக்கொண்டு கிடந்தேன்
டுலூத் துறைமுகத்தில் உறைந்த தண்ணீராக.
மார்ச் வந்தும் கப்பல் இல்லை.
கப்பல் நீளமாய் ஒன்று, குட்டையாய் இரண்டு கூவினால்
பாலமும் அப்படியே திருப்பிக் கூவும் எங்கள் ஊரில்.
கூவ ஆளில்லாமல் பாலமும் சும்மா நின்றது.

திருகாணி வாங்கப் போன கடையில் வெண்டல் ஓஸ்ட்பி கேட்டான்:
"லியோனா, நீ ஏன் போனையே எடுப்பதில்லை?"

பக்கத்து வீட்டு ஜோலீனின் செல்போனை வாங்கி
என்னை நானே அழைத்துப் பார்த்தேன்.
செல்போனில் மூன்று முறை மணி.
என் சமையலறையில் ஒன்றுமில்லை.
அப்புறம் ஒரு குரல், என்னுடையதே,
"இப்போது வீட்டில் இல்லை" என்றது.
வீட்டில்தான் நின்றுகொண்டிருந்தேன்,
கையில் உருளைக்கிழங்குத் தோலோடு.

மோடத்தைப் பிடுங்கி இருபதுவரை எண்ணிச் செருகினேன்.
அடுத்து ரௌட்டர். கடைசியாக அடாப்டர்.
வரிசை மாறக் கூடாதாம்.
வேறு கம்பி. வேறு போன்.
"தொந்தரவு செய்யாதே" என்று எதையாவது அழுத்திவைத்தேனா
என்றும் பார்த்தேன். இல்லை.
ஒரு விசித்திரம்: நான் யாரையாவது அழைத்துப் பேசி வைத்த
அடுத்த நிமிடத்துக்குள் ஜோலீன் அழைத்தால் மணி அடிக்கிறது.
காபி ஆறியபின் அழைத்தால் இல்லை.

உதவி எண்ணில் கிடைத்தவள் பெயர் தஷேனா. இடாஹோக்காரி.
"அதுதான், அதேதான்" என்றாள், புதையல் கிடைத்த மாதிரி.
"நீங்கள் வெளியே போனால் ரௌட்டர் கதவைத் திறக்கிறது.
பதில் வருமென்று ஒரு நிமிடம் பார்க்கிறது. பிறகு சாத்திவிடுகிறது.
புதிதாக வந்து தட்டுகிறவரை அதற்கு அடையாளம் தெரியாது.
உங்கள் அடாப்டரோ மணிக்கு ஒருதடவைதான்
'இருக்கிறேன்' என்று எங்களுக்குச் சொல்கிறது.
மிச்ச நேரம் நீங்கள் எங்கே என்று நாங்கள் எப்படிக் கண்டோம்?"

மூவாயிரத்து அறுநூறு என்றிருந்ததை அழித்து
முப்பது என்று போடச் சொன்னாள்.
போட்டேன்.
காபி ஆறும்வரை காத்திருந்து அவளே திரும்ப அழைத்தாள்.
அடேயப்பா, இத்தனை சத்தமா அது!
கரண்டி தரையில் விழுந்தது.

"விடுபட்ட அழைப்புகளைப் படிக்கட்டுமா?"
மருந்துக் கடை, நான்கு.
வெண்டல், இரண்டு.
கூரை மாற்றித் தருகிறோம் என்னும் இயந்திரக் குரல், ஒன்பது.
"விஸ்கான்சின் எண் ஒன்று இருக்குமே,
எழுநூற்றுப் பதினைந்தில் தொடங்குவது?"
விசைப்பலகை கொஞ்சநேரம் தட்டுப்பட்டது.
"இல்லை, மேடம்."
"இன்னொருமுறை பாருங்கள்."
பார்த்தாள். நல்ல பெண்.

பழி முழுவதையும் அந்தப் பெட்டிமேல் போடலாமென்றிருந்தேன்.
அதுவோ பச்சை விளக்கை எரித்துக்கொண்டு
ஒரு பாவமும் அறியாததுபோல் இருந்தது.
வெளியே போகும் வழி ஒருநாளும் பழுதாகவில்லை, லியோனா.
யாரும் சொல்லவில்லை. எனக்கே தோன்றியது.

ஏழாவது மணியில் எடுத்தாள்.
"உன் போன் கெட்டுப்போச்சாமே, வெண்டல் சொன்னான்.
அதான் நான் கூப்பிடவில்லை" என்றாள் மார்லிஸ்.

"ஆமாம்" என்றேன்.
"இப்போதுதான் சரியாயிற்று."